தாவற் பகுப்பும் வாசிப்பும்: இணையப் பக்கத்தில் உருவ – உள்ளடக்க உறவு பற்றிய ஒரு நோக்கு

ஆய்விதழ்கள், நூற்பதிப்புக்கள், அரச அறிவித்தல்கள், பாடக் குறிப்புக்கள் முதலியன கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்சிலிருந்து இணையத்தளங்களுக்கு இடம்பெயர்ந்து வருகின்றன. இவ்விடப்பெயர்வு குறித்துத் தமிழில் நிகழ்ந்துள்ள ஆராய்வுகள் பெரும்பாலும் எழுத்துரு, குறிமுறை, எண்ணிமப்படுத்தல், பதிப்புரிமை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டுள்ளன. ஒரு பனுவல் திரையிலே எவ்வாறு பகுக்கப்பட்டு வாசகர் முன் வைக்கப்படுகின்றது என்னும் வினாவோ பக்க வடிவமைப்பாளரின் வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. உள்ளடக்கத்தைத் தருவது புலமையாளரின் கடன், அதற்கு உருவங் கொடுப்பது தொழினுட்பவியலாளரின் கடன் என்ற இத்தொழிற்பிரிவினை, ஆராயப்படாத ஓர் எடுகோளாக நம்மிடையே நிலைபெற்றுள்ளது.

இலக்கியத்தில் உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று நிர்ணயிப்பன என்பதை ஈழத்து முற்போக்கு விமர்சனம் பல தசாப்தங்களாக வலியுறுத்தி வந்துள்ளது. அக்கருத்து நாவலுக்கும் கவிதைக்கும் பொருந்துமாயின் இணையப் பக்கத்துக்கும் பொருந்துதல் வேண்டும். இக்கட்டுரை அவ்வகையில் ஒரேயோர் அமைப்பினை மட்டும் எடுத்து நோக்குகின்றது. ஒரு பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சில பகுதிகளாகப் பிரித்து, மேலே தலைப்புக்களை வரிசையாக நிறுத்தி, வாசகர் தெரிவுசெய்யும் ஒரு பகுதியை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைத்துவைக்கும் தாவற் பகுப்பே அதுவாகும். இது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது, பொருந்துமிடத்து எவ்வாறு கையாளப்படல் வேண்டும் என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

1. தாவலின் தோற்றம்

தமிழ் இடைமுகங்களிலே வழங்கும் ‘தாவல்’ என்னும் சொல் வாசகரின் செயலைக் குறிக்கின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்தலை அது சுட்டுகின்றது. ஆங்கில மூலச்சொல்லோ ஒரு பொருளைக் குறிப்பது. அட்டையின் விளிம்பிலிருந்து சிறு நாக்குப் போல வெளியே நீண்டிருக்கும் துண்டின் பெயர் அது. இப்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயனுடையது.

நூலகவியலாளர் மெல்வில் டூயி 1876இல் பொஸ்ரன் நகரில் தொடக்கிய நூலகத் தளபாட நிறுவனம், நூற்பட்டியல் அட்டைகளையும் அவற்றுக்கான பெட்டிகளையும் ஆக்கி விற்றது. நூலகத்துக்கென உருவான அட்டை முறை விரைவிலே வங்கிகள், காப்புறுதிக் கழகங்கள், புகையிரதக் கம்பனிகள் ஆகியவற்றின் அலுவலகங்களுக்கும் பரவிற்று. 1893இல் நடைபெற்ற சிக்காகோ உலகக் கண்காட்சியிலே தாள்களை நிமிர்த்தி அடுக்கும் கோப்பு முறை காட்சிப்படுத்தப்பட்டது. 1890களின் பிற்பகுதியில், அதே நிறுவனத்தைச் சார்ந்த ஜேம்ஸ் நியூட்டன் கன் என்பவர் விளிம்பில் நாக்குடைய அட்டைக்கான ஆக்கவுரிமையைப் பெற்றார். நூற்றுக்கணக்கான அட்டைகளுக்கிடையே வேண்டியதனை, ஏனையவற்றைப் புரட்டாமலே எடுப்பதற்கு அந்நாக்கு உதவிற்று.

இப்புத்தாக்கம் தனியொருவரின் கூர்மதியின் விளைவு மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே விரிவடைந்த கம்பனி முதலாளித்துவம், கடிதங்களையும் கணக்குக்களையும் பேரளவிற் குவித்தது. குவிந்தவற்றை விரைவாக மீட்டெடுக்கும் தேவையையும் உண்டாக்கியது. ஜோஆன் யேற்ஸ் 1989இல் வெளியிட்ட அமெரிக்க நிறுவனத் தொடர்பாடல் பற்றிய ஆய்வு இதனை விரிவாகக் காட்டுகின்றது. சிந்தனையும் செயலும் பிரிக்கப்படும் போக்குத் தொழிற்சாலையிலிருந்து எழுதுவினைஞரின் மேசைக்கும் பரவியமையை ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் நூலில் விளக்கியுள்ளார். நாக்குடைய அட்டை இச்சூழலுக்குரிய கருவி. கோப்பிலுள்ளதை வாசித்து விளங்கிக்கொள்ளல் எழுதுவினைஞரின் வேலையன்று. உரிய கோப்பைக் கண்டெடுத்துக் கொடுப்பதே அவரது வேலை. வாசியாமலே கண்டெடுத்தல் என்பதே தாவலின் பிறவிக் குணம் எனலாம்.

கணினித் திரைக்கு இவ்வுருவகம் வந்தபோதும் அக்குணம் மாறவில்லை. 1992இல் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓஎஸ்/2 பணிசெயல் முறைமையின் இரண்டாம் பதிப்பு, குறிப்பேடு போன்ற தாவல்களைக் கொண்டிருந்தது. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 அமைப்புக்களை மாற்றும் பெட்டிகளிலே தாவல்களைப் பரவலாக்கியது. அச்சுப்பொறியின் அமைப்பு ஒரு தாவலிலும் தாளின் அளவு இன்னொன்றிலும் இருப்பதாற் கேடில்லை. அவை வாசிப்பதற்குரியன அல்ல, தெரிவுசெய்வதற்குரியன.

இணைய வலையின் நிலை வேறானது. ரிம் பேர்னேர்ஸ்-லீ 1989இல் சேர்ண் ஆய்வுநிலையத்திலே முன்மொழிந்த வலை, ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக எழுந்தது. அதன் எழுத்துமொழியான எச்.ரி.எம்.எல்., தலைப்பு, பந்தி, பட்டியல், இணைப்பு ஆகியவற்றுக்குக் குறியீடுகளை வகுத்தது; தாவலுக்கென ஒரு குறியீட்டை வகுக்கவில்லை. ஆகவே இணையப் பக்கத்திலே நாம் காணும் தாவல், ஆவணத்தின் இயல்பான அமைப்பன்று. நிரலொன்றின் துணையோடு அதன்மேற் பின்னர் ஏற்றப்பட்ட அமைப்பாகும். வாசிப்பதற்கெனத் தோன்றிய ஊடகத்தின்மேல் வாசியாது கண்டெடுப்பதற்கெனத் தோன்றிய கருவி பொருத்தப்பட்டமையே இங்குள்ள முரண்பாட்டின் வேர்.

2. தாவல் கூறும் நான்கு கூற்றுக்கள்

தாவற் பகுப்பை வெறும் இடச்சிக்கன உபாயமாகக் கொள்வது பெருவழக்கு. நீண்ட பக்கத்தைச் சுருக்கிக் காட்டலாம் என்பதே அதனைத் தெரிவுசெய்வோர் பொதுவாகக் கூறும் காரணம். ஆயின் ஒரு பக்கம் தாவல்களாகப் பகுக்கப்படுமிடத்து, பகுதிகளுக்கிடையேயுள்ள உறவு பற்றி நான்கு கூற்றுக்கள் வாசகருக்குச் சொல்லாமற் சொல்லப்படுகின்றன.

முதலாவது, இப்பகுதிகள் யாவும் ஒரே பொருள் பற்றியன, ஒரே தரத்தன என்பது. இரண்டாவது, இவை ஒன்றுக்கொன்று மாற்றானவை. ஒருவருக்கு ஒருநேரத்தில் ஒன்றே போதும் என்பது. மூன்றாவது, இவற்றை ஒருங்கு வைத்து ஒப்பிடவோ முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கவோ வேண்டியதில்லை என்பது. நான்காவது, உள்ளே இருப்பது யாதென்பதைத் தலைப்பே போதிய அளவு உணர்த்தும் என்பது.

இந்நான்கும் உண்மையாகுமிடத்துத் தாவல் பொருத்தமானது. ஒன்றேனும் பொய்யாகுமிடத்து அது வாசகரைத் தவறான வழியிற் செலுத்தும். தாவற் பகுப்பைத் தெரிவுசெய்தல் என்பது அடிப்படையில் இக்கூற்றுக்களின் மெய்ம்மையைச் சோதித்தலேயாகும். அச்சோதனையைச் செய்யக்கூடியவர் உள்ளடக்கத்தை அறிந்தவரேயன்றி நிரலை அறிந்தவர் அல்லர்.

பொருத்தமான பயன்பாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு: புறநானூற்றுப் பாடல்கள் 400. அவற்றை எண்முறையாகவும், பாடினோர் முறையாகவும், பாடப்பட்டோர் முறையாகவும், திணை துறை முறையாகவும் வரிசைப்படுத்தலாம். அச்சுப் பதிப்புக்களில் இத்தகைய பட்டியல்கள் நூலின் முன்னோ பின்னோ தனித்தனி அமைவன. இணையப் பதிப்பில் இந்நான்கினையும் நான்கு தாவல்களாக அமைத்தல் மிகப் பொருந்தும். நான்கும் ஒரே பாடற்றொகுதியின் வெவ்வேறு நோக்குக்கள். கபிலர் பாடிய பாடல்களைத் தேடுபவருக்கு அவ்வேளையில் துறைவாரிப் பட்டியல் வேண்டுவதில்லை. தலைப்புக்களும் ஐயத்துக்கு இடந்தருவன அல்ல.

பொருந்தாத பயன்பாடுகளையும் இவ்வாறே இனங்காணலாம். ஓர் ஆய்வுக் கட்டுரையை ‘அறிமுகம்’, ‘முறையியல்’, ‘முடிவு’ எனத் தாவல்களாகப் பிரித்தல் மூன்றாவது கூற்றைப் பொய்யாக்குகின்றது. வாதமென்பது முறையாக வளர்வது. புலமைப்பரிசில் விண்ணப்பம் பற்றிய பக்கத்திலே தகைமைகளை முதல் தாவலிலும் இறுதித் திகதியை நான்காவது தாவலிலும் வைத்தல் இரண்டாவது கூற்றைப் பொய்யாக்குகின்றது. இறுதித் திகதி எல்லோருக்கும் வேண்டியது. வணிகப் பக்கங்களிலே பொருளின் சிறப்புக்கள் முதல் தாவலிலும் விற்பனை நிபந்தனைகள் கடைசித் தாவலிலும் இடம்பெறுவதை நாம் காண்கின்றோம். அங்கு மறைத்தல் தற்செயலானதன்று. அதுவே அப்பக்கத்தின் நோக்கத்தோடு ஒத்திசைவது.

பயன்பாட்டியல் ஆய்வாளரான ஜேக்கப் நீல்சனும் ஒரே சூழலுக்குள் மாற்று நோக்குக்களைக் காட்டுவதற்கே தாவல்கள் உரியன என்றும், ஒப்பிட வேண்டியவற்றைப் பிரித்துவைத்தல் வாசகரின் குறுங்கால நினைவின்மேற் சுமையேற்றுமென்றும் எடுத்துக்காட்டியுள்ளார். அவரது அக்கறை பெரிதும் நுகர்வோரின் வசதி பற்றியது. நமது அக்கறை அதற்கு அப்பாலும் செல்லவேண்டியது. இதனை இரு எடுத்துக்காட்டுக்கள் வாயிலாக நோக்குவோம்.

3. மூலமும் உரையும்

தமிழ்ப் புலமை மரபிலே மூலமும் உரையும் தனித்தனிப் பொருள்களாக இயங்கியதில்லை. நூற்பா, கருத்துரை, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா விடை என ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று வருவதே உரை மரபு. அச்சு வந்தபின் மூலத்துக்குப் பெரிய எழுத்தும் உரைக்குச் சிறிய எழுத்தும் அமைந்தன. ஆயினும் இரண்டும் ஒரே பக்கத்தில் நின்றன. புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் பதிப்பித்துச் சுன்னாகத்திலே அச்சாகிய தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையம் (1938) இதற்குச் சிறந்த சான்று. நூற்பா, சேனாவரையர் உரை, கணேசையரின் விளக்கக் குறிப்பு என மூன்று காலப் படைகள் அங்கு கண்ணுக்கு ஒருங்கே புலப்படுகின்றன.

இந்நூலை இணையத்திலே தாவல்களாக அமைப்பதாகக் கொள்வோம். ‘மூலம்’, ‘இளம்பூரணம்’, ‘சேனாவரையம்’, ‘நச்சினார்க்கினியம்’, ‘குறிப்பு’ என ஐந்து தாவல்கள் ஒழுங்காகவும் அழகாகவும் தோன்றும். தலைப்புக்கள் தெளிவானவை, பகுதிகள் ஒரே நூல் பற்றியவை. ஆயினும் இவ்வமைப்புப் பொருந்தாது.

காரணம் உரைகளின் இயல்பிலே உள்ளது. சேனாவரையர் தமக்கு முந்திய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ எனச் சுட்டி, அவர் கருத்தைப் பல இடங்களில் எடுத்துக் கூறி மறுக்கின்றார். அவரது உரையின் கூர்மை மறுக்கப்படும் உரையை அருகில் வைத்தே உணரப்படுவது. தாவல் அமைப்பிலோ, சேனாவரையரின் மறுப்பைக் காண்பவர் இளம்பூரணரைக் காணார். இளம்பூரணரிடம் திரும்பிச் செல்பவர் மறுப்பின் சொற்களை மனத்திலே சுமந்து செல்லல் வேண்டும். விவாதமாக இருந்தது விருப்பத்துக்கேற்பத் தெரிந்தெடுக்கத்தக்க தனித்தனிக் கருத்துக்களின் தொகுப்பாக மாறிவிடுகின்றது.

இது சிறு இழப்பன்று. உரைகளுக்கிடையேயுள்ள முரண்பாடு அறிவின் வரலாற்று வளர்ச்சியைக் காட்டுவது. வெவ்வேறு காலத்துச் சமூகத் தேவைகளும் கல்வி நிறுவனங்களும் சமயச் சார்புகளும் அம்முரண்பாட்டினூடாகவே வெளிப்படுகின்றன. முரண்படுவனவற்றை ஒன்றையொன்று காணாத அறைகளில் இருத்துவது, ‘எல்லா உரைகளும் சமம்; வேண்டியதைத் தெரிந்துகொள்க’ என்னும் தாராளவாத மனப்பாங்கைப் பக்க அமைப்பின் வழியே நிலைநாட்டுவதாகும்.

பல உரைகளையும் ஒவ்வொரு நூற்பாவின்கீழும் தொகுத்துத் தரும் உரைவளப் பதிப்புக்கள் அச்சிலே இச்சிக்கலுக்கு நல்ல தீர்வைக் கண்டுள்ளன. இணையத்திலும் அதனைப் பின்பற்றலாம். அகன்ற திரையில் இரண்டு பத்திகளை அருகருகே நிறுத்தி, எந்த இரண்டு உரைகள் அங்கு நிற்றல் வேண்டும் என்பதை வாசகரே தெரிவுசெய்ய விடலாம். கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் நூற்பாவின்கீழ் உரைகளைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் விரிக்கவும் மடிக்கவும் இடமளிக்கலாம். மடிப்பமைப்பிலே ஒன்றைத் திறக்கும்போது மற்றொன்று தானாக மூடிக்கொள்ளாதவாறு அமைத்தல் இன்றியமையாதது. அன்றேல் அது தாவலின் குறைபாட்டையே மீண்டுங் கொண்டுவரும்.

உரைக்கும் மூலத்துக்கும் கூறியது ஏட்டுப் பிரதியின் ஒளிப்படத்துக்கும் அதன் எழுத்துப் பெயர்ப்புக்கும் பொருந்தும். பெயர்ப்புச் சரியானதா என வாசகர் தாமே சோதித்தற்கு இரண்டும் ஒருங்கே தோன்றல் வேண்டும். அவற்றை இரு தாவல்களிற் பிரித்துவிடின், சான்று ஓரிடத்திலும் முடிவு வேறிடத்திலுமாக நின்று, பதிப்பாசிரியரின் சொல்லை அப்படியே ஏற்கும் நிலைக்கு வாசகர் தள்ளப்படுவர்.

4. மும்மொழிப் பக்கம்

உருவ அடிப்படையில் தாவல் முற்றிலும் பொருந்துமிடமும் ஒன்றுண்டு. ஒரே அறிவித்தலைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தருமிடத்து, மூன்று பகுதிகளும் ஒரே பொருள் பற்றியன. ஒருவருக்கு ஒன்று போதும். ஒப்பீடு பெரும்பாலோருக்கு வேண்டுவதில்லை. மொழியின் பெயரே போதிய தலைப்பு. நான்கு கூற்றுக்களும் நிறைவுறுகின்றன.

ஆயினும் இங்கேதான் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான பிளவு கூர்மையாகத் தோன்றக்கூடும். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றும் ஆங்கிலம் இணைப்பு மொழியாதல் வேண்டும் என்றும் விதித்தது. 1988இன் 16ஆவது திருத்தம் மொழி ஏற்பாடுகளை மேலும் விரித்தது. பக்கத்தின் மேலே மூன்று மொழிப் பெயர்கள் சம அளவில் அருகருகே நிற்கும் காட்சி, இச்சட்டச் சமத்துவத்தின் திரைவடிவம் எனலாம்.

தமிழ்த் தலைப்பை அழுத்தும்போது தோன்றுவது யாது என்பதே வினா. சில வேளைகளில் முழு மொழிபெயர்ப்புத் தோன்றுகின்றது. சில வேளைகளில் தலைப்பு மட்டும் தமிழிலும் உடல் ஆங்கிலத்திலுமாகப் பக்கம் திறக்கின்றது. சில வேளைகளில் முந்திய ஆண்டின் அறிவித்தலே தமிழில் எஞ்சியிருக்க, புதியது ஏனைய மொழிகளில் மட்டும் இடம்பெறுகின்றது. மூன்று பகுதிகளும் ஒரே பக்கத்தில் வெளிப்படையாக நின்றிருப்பின் இவ்வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் புலப்பட்டிருக்கும். தாவல் அதனை மறைக்கின்றது. ஆங்கிலத்தில் வாசிப்பவர் தமிழ்ப் பகுதியின் வெறுமையை ஒருபோதும் காண்பதில்லை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் பூர்சுவா வாய்பாடு பொருளாதாரச் சமத்துவமின்மையை எவ்வாறு மூடுகின்றதோ, அவ்வாறே சம அளவான மூன்று தலைப்புக்களும் உள்ளடக்கச் சமத்துவமின்மையை மூடக்கூடும்.

இதனால் மும்மொழித் தாவலைக் கைவிடல் வேண்டும் என்பது பெறப்படாது. அதனைப் பயன்படுத்துவோர் சில ஒழுங்குகளை மேற்கொள்ளல் வேண்டும் என்பதே பெறப்படும். ஒவ்வொரு மொழிப் பகுதியிலும் அது இற்றைப்படுத்தப்பட்ட திகதி தெரியவேண்டும். மொழிபெயர்ப்பு நிறைவுறாதவிடத்து, வாசகர் அழுத்தி ஏமாறுவதற்கு முன்னரே தலைப்பின் அருகில் அது குறிக்கப்படல் வேண்டும். மூன்றும் நிறைவுற்ற பின்னரே வெளியிடுதல் என்பதை நிறுவனம் தன் நடைமுறையாகக் கொள்ளுமாயின் அதுவே சாலச் சிறந்தது. தாவல் அளிக்கும் வாக்குறுதியை உள்ளடக்கம் நிறைவேற்றுதல் வேண்டும்.

5. மறைந்திருப்பதன் விளைவுகள்

தாவலின் சிறப்பியல்பு மறைத்தல் ஆதலின், மறைந்த பகுதி வாசிப்பின் பிற செயல்களில் எவ்வாறு பாதிக்கப்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

தேடலை முதலில் எடுத்துக்கொள்வோம். பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேடும் வசதி உலாவிகளில் உண்டு. வழக்கமான முறையில் மறைக்கப்பட்ட தாவல்களுக்குள் அத்தேடல் செல்வதில்லை. ஆகவே ஆய்வாளர் ஒருவர் தேடிய சொல் பக்கத்தில் இல்லை என முடிவுசெய்யலாம். அச்சொல் மூன்றாவது தாவலில் இருந்திருக்கும். தேடும்போது மறைந்த பகுதி தானே வெளிப்படுமாறு செய்யும் எச்.ரி.எம்.எல். வசதியொன்று 2022இல் குரோம் உலாவியில் அறிமுகமாயிற்று. இதனை நிரலாளர் வேண்டுமென்றே சேர்த்தாலன்றி அது தானாக இயங்காது.

மேற்கோள் காட்டுதல் அடுத்தது. ஒவ்வொரு தாவலுக்கும் தனி முகவரி அமையாதவிடத்து, இணைப்பைத் தொடர்ந்து வருபவருக்கு எப்போதும் முதற்றாவலே திறக்கும். பக்க எண் குறியாது நூற்பெயரை மட்டும் குறித்த அடிக்குறிப்பைப் போன்றது இது. முகவரியின் ஈற்றிலே தாவலின் பெயரைச் சேர்த்து, அம்முகவரியால் வருபவருக்கு அத்தாவலையே திறந்து காட்டுதல் எளிதிற் செய்யக்கூடியது. ஆய்விதழ்களின் இணையப் பதிப்புக்களில் இது கட்டாயமாதல் தகும்.

மூன்றாவது, அச்சிடுதல். கிராமப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் பக்கத்தை அச்சிட்டு மாணவருக்கு வழங்க முற்படும்போது, திறந்திருக்கும் ஒரு தாவல் மட்டுமே தாளில் வரும். அச்சுக்கெனத் தனி நடைத்தாள் எழுதி, அச்சிடும்போது எல்லாப் பகுதிகளும் தத்தம் தலைப்புக்களோடு ஒன்றன்கீழ் ஒன்றாக விரியுமாறு செய்தல் வேண்டும்.

நான்காவது, பாதுகாத்தல். தேடுபொறிகளுக்காகவும் வலைக் காப்பகங்களுக்காகவும் பக்கங்களைத் திரட்டும் நிரல்கள் பொதுவாகப் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதில்லை. தாவலின் உள்ளடக்கம் பக்கத்தின் மூல எழுத்திலேயே அடங்கியிருந்தால் அது திரட்டப்படும். வாசகர் அழுத்திய பின்னரே சேவையகத்திலிருந்து வரவழைக்கப்படுமாயின், காப்பகப் பிரதியில் அப்பகுதி வெறுமையாக எஞ்ச நேரிடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகத்துக்கு, பிரதியெடுக்கப்படாத ஆவணம் எத்தகைய ஆபத்திலுள்ளது என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஈற்றில் முதன்மை பற்றியும் கூறவேண்டும். தாவல்கள் தரத்தாற் சமமானவை என்று உருவம் கூறினும், பக்கம் திறந்தவுடன் தோன்றுவது ஒன்றே. ஏனையவை அழுத்தப்பட்டாலன்றித் தோன்றா. எனவே எதனை முதலில் வைப்பது என்பது ஒரு மதிப்பீடு. நாட்டார் பாடற் றொகுப்பொன்றிலே தொகுப்பாளரின் ஆய்வுரை முதல் தாவலிலும் பாடியவரின் குரற்பதிவு மூன்றாவது தாவலிலும் இருக்குமாயின், யாருடைய உழைப்பு முதன்மை பெறுகின்றது என்பது வெளிப்படை.

6. கையாளும் முறை

மேற்கூறிய சோதனைகளிலே தேறித் தாவற் பகுப்பைத் தெரிவுசெய்வோர் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்ளல் நன்று.

அ) முதலில் முழுப் பக்கத்தையும் தாவலின்றி, தலைப்புக்களும் பந்திகளும் கொண்ட சாதாரண ஆவணமாக எழுதுதல் வேண்டும். தாவல் ஆக்கும் நிரல் அதன்மேல் ஏற்றப்படுவதாக அமையவேண்டும். நிரல் இயங்காத பழைய கருவியிலும், தொடர்பு தளர்ந்த இடத்திலும் அப்போது பக்கம் முழுமையாகவே வாசிக்கக் கிடைக்கும்.

ஆ) தாவல்கள் ஒரு வரிசையில் அடங்குதல் வேண்டும். அமேசன் நிறுவனத்தின் தளம் 1990களின் இறுதியில் விற்பனைப் பிரிவுகளைத் தாவல்களாகக் காட்டத் தொடங்கி, பிரிவுகள் பெருகப் பெருக 2000ஆம் ஆண்டையொட்டி இரண்டு வரிசைகள் வரை சென்று, பின்னர் அம்முறையையே கைவிட்டது. இரண்டாவது வரிசை தேவைப்படுகின்றதெனின் பகுப்பு முறையே மீளாய்வுக்குரியது.

இ) தலைப்பு ஒரு சொல்லாகவோ இரண்டு சொற்களாகவோ அமைதல் தகும். தமிழ்ச் சொற்கள் திரையிலே ஆங்கிலச் சொற்களினும் கூடிய அகலத்தை வேண்டுவன. ஆங்கில மாதிரியை வைத்து அளந்த பெட்டிக்குள் தமிழ்த் தலைப்பைப் புகுத்தும்போது அதன் ஈறு வெட்டுப்படும். தமிழிலே வேற்றுமையும் எண்ணும் ஈற்றிலேயே நிற்பதால் பொருளும் வெட்டுப்படும். மேலே விசிறியும் கீழே சுழியும் பெறும் எழுத்துக்களுக்குப் போதிய உயரமும் விடப்படல் வேண்டும். மூலம், பதவுரை, பொழிப்பு, விசேடவுரை, பாடபேதம் எனச் சுருங்கிய சொற்களை நமது உரை மரபு ஏற்கெனவே ஆக்கித் தந்துள்ளது. ‘மேலும்’, ‘பிற’, ‘ஏனையவை’ போன்ற தலைப்புக்கள் உள்ளடக்கத்தை உணர்த்தாதவை, தவிர்க்கத்தக்கவை.

ஈ) திறந்திருக்கும் தாவல் எது என்பதை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தல் போதாது. நிறம் பிரித்தறிய இயலாதோருக்காக அடிக்கோடோ தடித்த எழுத்தோ சேர்க்கப்படல் வேண்டும். திறந்த தாவல் தன்கீழுள்ள பகுதியோடு இடைவெளியின்றி இணைந்து தோன்றுதலும் வேண்டும்.

உ) பார்வையற்றோர் திரைவாசிப்பி என்னும் மென்பொருளின் துணையோடு செவியால் வாசிக்கின்றனர். வலையின் தராதரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2014இல் வெளியிட்ட அணுகல் விதந்துரை, தாவல் வரிசை, தாவல், தாவற் பகுதி ஆகியவற்றை அம்மென்பொருளுக்கு அறிவிக்கும் குறிகளை வகுத்துள்ளது. இடம், வலம் செல்லும் அம்புக்குறி விசைகளால் தாவலுக்குத் தாவல் நகரவும், விசைப்பலகையின் தாவல் விசையால் உள்ளடக்கத்துக்குள் இறங்கவும் இயலுதல் வேண்டும். இக்குறிகளின்றி நிரலாளர் தாமே வரைந்த தாவல், காண்போருக்குத் தாவலாகவும் கேட்போருக்குப் பொருளற்ற சொற்றொடராகவும் அமையும்.

ஊ) மும்மொழிப் பக்கத்தில் ஒவ்வொரு பகுதியும் எம்மொழியில் உள்ளது என்பது மூல எழுத்திலே குறிக்கப்படல் வேண்டும். அன்றேல் தமிழ்ப் பகுதியைத் திரைவாசிப்பி ஆங்கில ஒலிப்போடு வாசிக்க முற்படும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அவ்வம்மொழியின் எழுத்திலேயே தலைப்பாக அமைதல் வேண்டும். தம் மொழியைத் தேடுபவர் பிறிதொரு மொழியில் அதன் பெயரை அறிந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்த்தல் முறையன்று.

எ) தாவல்கள் தாமே மாறிச் சுழலுமாறு அமைத்தல் ஆகாது. வாசிப்பின் வேகம் வாசகருக்கு உரியது.

7. பதிப்பாசிரியரின் பொறுப்பு

கூறியவற்றால் தாவற் பகுப்புத் தீது என்றோ நன்று என்றோ பொதுவிதி கூறுதல் இயலாமை விளங்கும். பட்டியலின் மாற்று வரிசைகளுக்கும் ஒரே செய்தியின் மொழி வடிவங்களுக்கும் அது ஏற்ற கருவி. வாதத்துக்கும் விவாதத்துக்கும் சான்றுக்கும் எல்லோருக்கும் வேண்டிய அறிவித்தலுக்கும் அது ஏலாத கருவி. நீண்ட பக்கமாயின், மேலே ஓர் உள்ளடக்கப் பட்டியலும் கீழே தெளிந்த தலைப்புக்களும் அமைத்தாலே பெரும்பாலான தேவைகள் நிறைவுறும். நீளம் குற்றமன்று, நூல்கள் நீளமானவையே.

முதன்மையான செய்தி இது: எவை ஒருங்கு நிற்கவேண்டும், எவை பிரிந்து நிற்கலாம், எது முதலில் நிற்கவேண்டும் என்னும் தீர்மானங்கள் பதிப்புத் தீர்மானங்களேயாம். அவற்றை ஆயத்தப் பக்க அச்சுருக்களுக்கும் அவற்றை விற்கும் நிறுவனங்களுக்கும் விட்டுவிடுதல், பதிப்பாசிரியர் தமது கடமையின் ஒரு பாதியைக் கைவிடுதலாகும்.

சி. வை. தாமோதரம்பிள்ளை தாம் வெளியிட்ட நூல்களுக்கு எழுதிய பதிப்புரைகளிலே, ஏட்டுப் பிரதிகள் கிடைத்த வகையையும் தாம் எதிர்கொண்ட இடர்ப்பாடுகளையும் வாசகர் முன் வைத்தார். அதனாலேயே அவர் பதிப்பைப் பின்வந்தோர் சோதிக்கவும் திருத்தவும் இயலுமாயிற்று. இணையப் பதிப்பாளரும் அதனைச் செய்யலாம். இப்பக்கம் இவ்வாறு பகுக்கப்பட்டமைக்குக் காரணம் யாது, முதலில் தோன்றும் பகுதி முதலில் நிற்பது எதனால், நிறைவுறாதிருப்பது எது என நாலைந்து வாக்கியங்களில் பக்கத்தின் அடியிலே, எத்தாவலைத் திறந்தாலும் மறையாத இடத்தில், எழுதிவைக்கலாம். அவ்வாறு எழுத முனையும்போதே, காரணங் காட்ட இயலாத பகுப்புக்கள் பலவற்றைக் கைவிட நேரும். எஞ்சி நிற்பனவற்றுக்கு வாசகர் விளக்கங் கேட்கவும் மாற்றங் கோரவும் இடமுண்டாகும்.